தோட்டமும் மண்டியும் பிள்ளைகள் கைக்கு வரும்போது



கடையை எப்படித் தொடங்குவது, சரக்கை எப்படிக் கொள்முதல் செய்வது, கடன் பாக்கியை எப்படி வசூலிப்பது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். வரி, உரிமம், எடை முத்திரை பற்றிச் சந்தேகம் வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கிறார்கள். ஆனால் நாற்பது ஆண்டு நடத்திய தொழிலை அடுத்தவர் கையில் எப்படிக் கொடுப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நம் அப்பாக்களும் சொல்லவில்லை. பலர் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார்கள். மீதியைப் பிள்ளைகளும் வக்கீல்களும் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தப் பாடம் அதைப் பற்றியது. நம் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு ஊரில் தோட்டமும் டவுனில் கடையும் உண்டு. நிலம் இல்லாதவர்களுக்கும் தோட்டக்காரர்தான் ஆதாரம். மஞ்சள், கொப்பரை, வெல்லம், நிலக்கடலை எதுவானாலும் ஒரு பண்ணையக் குடும்பம் உடைந்தால் அதன் சத்தம் முதலில் கேட்பது மண்டியில்தான். ஒரே லாட்டாக வந்த சரக்கு மூன்று வண்டியில், மூன்று ரகமாக, மூன்று பெயரில் வரும். முன்பணம் கொடுத்திருந்தால் அண்ணனைக் கேட்கச் சொல்லித் தம்பியும், தம்பியைக் கேட்கச் சொல்லி அண்ணனும் கை காட்டுவார்கள். ஆகவே தோட்டத்துக்கும் கடைக்கும் சேர்த்தே பேசுவோம். இரண்டிலும் நோய் ஒன்று, மருந்தும் பெரும்பாலும் ஒன்று.

நிலம் சுருங்கிய கதை

அரசின் வேளாண் கணக்கெடுப்பைப் பாருங்கள். 1970-71-இல் இந்தியாவில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 2.28 ஹெக்டேர். 2015-16-இல் அது 1.08 ஹெக்டேர். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஒவ்வொரு தலைமுறையும் நிலத்தைக் கத்தரித்துக்கொண்டே வந்ததன் பலன் இது. இனியும் கத்தரித்தால் மிஞ்சுவது வரப்புத்தான்.

கடையைக் கத்தரிக்க அதுவும் வழியில்லை. மூன்று பிள்ளைகளுக்குக் கல்லாவை மூன்றாக வெட்ட முடியாது. எனவே பிரிப்பதா, சேர்த்து நடத்துவதா, ஒருவர் நடத்தி மற்றவர்களுக்குப் பங்கு கொடுப்பதா என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்காமல் விடுவதும் ஒரு தீர்மானந்தான். அப்போது சட்டம் நமக்காகத் தீர்மானிக்கும். திருபாய் அம்பானி 2002-இல் உயில் எழுதாமல் மறைந்தார். அவ்வளவு பெரிய தொழிலிலும் அண்ணன் தம்பிச் சண்டை ஊருக்கே தெரிய நடந்து, 2005-இல் தாயார் முன்னின்றுதான் பிரிவினை முடிந்தது. நம் அளவு சிறிது. மனத்தாங்கலின் அளவு சிறிதாக இருப்பதில்லை.

சண்டை எங்கே தொடங்குகிறது?

நாம் பார்த்தவரை நான்கு இடங்கள்.

ஒன்று, பெரியவரின் பயம். "கையெழுத்தைக் கொடுத்துவிட்டால் காப்பிக்குக்கூடப் பிள்ளையைக் கேட்க வேண்டுமே" என்ற பயம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "பையனுக்கு இன்னும் விவரம் பத்தாது" என்று சொல்வார்கள். பையனுக்கு வயது நாற்பத்திரண்டு இருக்கும்.

இரண்டு, பிள்ளையின் அவசரம். கைபேசியில் நாலு மார்க்கெட் விலையும் பார்க்கிறான். தேசிய வேளாண் சந்தை என்ற மின்னணு ஏலம் 2016-இல் வந்துவிட்டது. "இன்னும் துண்டுக்குள் கையைப் பிடித்து விலை பேசுகிறீர்களே" என்கிறான். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் வாங்கியவன் பணம் கொடுப்பானா மாட்டானா என்பதை ஆளின் முகத்தைப் பார்த்து அறிவது கைபேசியில் வராது. அது அப்பாவிடம் இருக்கிறது. இருவரிடமும் பாதிப் பாதி அறிவு. சேர்த்துப் பார்க்கத் தெரியாதபோதுதான் வாக்குவாதம்.

மூன்று, இருந்தவனுக்கும் போனவனுக்கும் உள்ள கணக்கு. ஒருவன் தோட்டத்திலேயே கிடந்து உழைத்தான். ஒருவன் பெங்களூரில் வேலைக்குப் போனான். பிரிவினை என்று வரும்போது சரிபாதி என்றால் இருந்தவன் வயிறு எரிகிறது. இருந்தவனுக்கு அதிகம் என்றால் போனவன் கோர்ட்டுக்குப் போகிறான்.

நான்கு, வீட்டுப் பெண்களை எண்ணாமல் விடுவது. மகளைக் கட்டிக்கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று நினைப்பது பழைய பழக்கம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. இதைத் தனியாகப் பார்ப்போம்.

முதல் மருந்து: சம்பளம்

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். தோட்டத்திலோ கடையிலோ உழைக்கும் பிள்ளைக்கு மாதச் சம்பளம் போட வேண்டும். சாப்பாடு வீட்டில், செலவுக்குக் கல்லாவில் எடுத்துக்கொள்ளலாம் என்பது சம்பளம் ஆகாது. அது அவனுக்கும் மரியாதை இல்லை, மற்றப் பிள்ளைகளுக்கும் கணக்குத் தெரியாது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. தோட்டம் பார்க்கும் மகனுக்கு மாதம் 15,000 ரூபாய் தகும் என்று வையுங்கள். ஆண்டுக்கு 1,80,000. பன்னிரண்டு ஆண்டு கொடுக்காமல் விட்டால் 21,60,000 ரூபாய். வட்டி சேர்க்கவில்லை. பிரிவினை நாளில் அவன் மனத்தில் நிற்பது இந்தத் தொகைதான். அவன் அதை எண்ணாகச் சொல்ல மாட்டான். "நான் மாடாக உழைத்தேன்" என்பான். வெளியூரில் இருப்பவன் "நானும் மாதாமாதம் பணம் அனுப்பினேனே" என்பான். இரண்டுக்கும் எழுத்தில் ஆதாரம் இராது.

மாதாமாதம் சம்பளம் பேரேட்டில் ஏறியிருந்தால் உழைப்புக்கு உழைப்புக் கணக்கு அன்றே தீர்ந்துவிட்டது. பிறகு சொத்தைச் சமமாகப் பிரித்தாலும் ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஒரு வருடம் விளைச்சல் பொய்த்துக் கொடுக்க முடியாமல் போனால் அவன் பேரில் வரவு வைத்து, கொடுக்க வேண்டிய பாக்கியாகக் காட்டுங்கள். வெளியூர்ப் பிள்ளை கிணறு ஆழப்படுத்தவோ குடோன் கட்டவோ பணம் அனுப்பினால் அதையும் கடனா, முதலா, அன்பளிப்பா என்று அன்றே எழுதிவிடுங்கள். மருமகள் கணக்கு எழுதினால், மகள் வரி விவரம் பார்த்துக் கொடுத்தால், அவர்களுக்கும் அதே முறை.

இரண்டாவது மருந்து: ஒரு ஏக்கர், ஒரு சரக்கு

மகன் சொட்டுநீர் போட வேண்டும் என்கிறான். மஞ்சளை அப்படியே மண்டிக்கு விடாமல் பொடியாக்கிப் பையில் அடைத்துத் தன் பெயரில் விற்க வேண்டும் என்கிறான். அப்பா கூடாது என்கிறார். மஞ்சள் ஒன்பது பத்து மாதப் பயிர். வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி விலைக்கு வரும்வரை கைமுதல் அதில் முடங்கிக் கிடக்கிறது. ஒரு வருடம் தவறினால் அடுத்த வருட விதைக்கே கஷ்டம். அப்பாவின் பயம் வீண் பயம் அல்ல.

இதற்கு வழி, முழுவதையும் கொடுப்பதும் முழுவதையும் மறுப்பதும் அல்ல. ஆறு ஏக்கரில் ஒரு ஏக்கரை அவன் பொறுப்பில் விடுங்கள். கடையில் என்றால் ஒரு சரக்கை விடுங்கள். மூன்று நிபந்தனைகளை எழுதிக்கொள்ளுங்கள்: இவ்வளவு முதல், இத்தனை பருவம், இவ்வளவுக்கு மேல் நட்டம் போனால் நிறுத்துவது. அந்த எல்லைக்குள் அப்பா வாய் திறக்கக் கூடாது. எல்லை தாண்டினால் பிள்ளை வாதம் செய்யக் கூடாது. கணக்கு மட்டும் தனியாக, ஐந்தொகையோடு இருக்க வேண்டும். இரண்டு பருவம் முடிந்ததும் வாக்குவாதத்துக்கு வேலை இல்லை. காகிதத்தைப் பார்த்தால் போதும்.

மூன்றாவது மருந்து: படிப்படியாகப் பொறுப்பு

இதில் நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. பர்மா, மலாயா, இலங்கை என்று லேவாதேவி நடத்திய காலத்தில் ஒரு பையனைக் கல்லாவில் நேரே உட்கார வைக்கவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாள் ஆகி, பிறகே மேலாள் ஆக வேண்டும். சம்பளச் சீட்டு எழுதி, மூன்று ஆண்டுத் தவணை வைத்து அனுப்பினார்கள். வசதியான வீட்டுப் பிள்ளையும் பிறர் கடையில் வேலை பழகினான். குடும்பத்திலும் ஓர் ஒழுங்கு வைத்தார்கள். மகனுக்குத் திருமணம் ஆனதும் அதே பெரிய வீட்டில் 'வேறு வைத்து', தனிச் சமையலும் செலவுக்கு அளவும் கொடுத்தார்கள். ஒரே கூரை, கணக்கு வேறு. கூட்டுக் குடும்பம் என்றால் எல்லாம் ஒரே பானை என்று அவர்கள் நினைக்கவில்லை.

நம் கடைக்கு ஏற்றபடி ஐந்து படிகளாக வைத்துக்கொள்ளலாம்.

1. எடையும் சாக்கும். சரக்கை முகர்ந்து, ஒடித்து, ஈரம் பார்த்து ரகம் சொல்லத் தெரிய வேண்டும். விரலியும் கிழங்கும் தெரியாதவனுக்கு விலை தெரியாது. ஒரு வருடம்.

2. கொள்முதல். களத்துக்குப் போய்த் தோட்டக்காரர்களிடம் பேசிப் பழக வேண்டும். ஒரு வருடம்.

3. வசூல். பாக்கிக்கு நடக்கும்போதுதான் யாருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்பது தெரியும். இரண்டு வருடம்.

4. கடன் தீர்மானம். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அவனே முடிவு செய்ய வேண்டும். முதலில் ஒரு தொகை வரை, பிறகு முழுவதும். இரண்டு வருடம்.

5. காசோலையும் வங்கியும். முதலில் இருவர் கையெழுத்து, பிறகு அவன் கையெழுத்து மட்டும்.

ஆக ஏழு ஆண்டுப் பயணம். அறுபத்தைந்தில் ஓய்வு பெற நினைப்பவர் ஐம்பத்தெட்டில் தொடங்க வேண்டும். முடிந்தால் இந்த ஐந்துக்கும் முன்னால் இரண்டு ஆண்டு வேறு ஊரில், வேறொருவர் கடையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கட்டும். முதலாளி திட்டினால் எப்படி இருக்கும் என்பது தெரிந்தவனே நாளை ஆட்களை நல்லபடி நடத்துவான்.

ஒரு படி கொடுத்துவிட்டால் திரும்பப் பிடுங்கக் கூடாது. மகன் ஒரு விலை சொல்லி அனுப்பிய தோட்டக்காரரை வாசலில் நிறுத்தி, "அவன் கிடக்கிறான், நான் சொல்கிறேன் விலை" என்று பெரியவர் சொன்னால், அன்று முதல் யாரும் மகனிடம் பேச மாட்டார்கள். தவறு கண்டால் கடையடைத்த பிறகு தனியே சொல்லுங்கள்.

நிலத்தைத் துண்டாக்காமல் பங்கு கொடுப்பது

ஓர் உதாரணம். ஒருவருக்குத் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஆறு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, ஒரு மின் இணைப்பு. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். உயில் எழுதாமல் காலமாகிறார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகள் மூவருக்கும் சமபங்கு, ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். அவருடைய தாயார் உயிரோடிருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. கிணறு யார் பங்கில் விழுகிறதோ அவருக்கு யோகம். மற்றவர்கள் ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு தோண்டக் கிளம்புவார்கள். ஒரு கிணற்றில் பிழைத்த தோட்டம் நாலு குழாயில் வறண்டுபோகும்.

இதற்கு மூன்று மாற்று வழிகள்.

முதலாவது, குத்தகை. பங்கு நால்வர் பெயரிலும் இருக்கட்டும். பண்ணையம் பார்ப்பவர் ஒருவரே. ஏக்கருக்கு ஆண்டுக் குத்தகை 20,000 ரூபாய் என்று வைத்தால், மற்ற மூவரின் நாலரை ஏக்கருக்கு 90,000 ரூபாய் கொடுப்பார். அதில் 30,000 தாயாருக்கு. அவர் யாரையும் கேட்காமல் மாத்திரை வாங்கிக்கொள்வார். குத்தகையை எழுத்தில் வைத்து, தொகையை வங்கி மூலம் செலுத்த வேண்டும்.

இரண்டாவது, தவணையில் விலைக்கு வாங்குவது. வெளியூரில் உள்ளவர்களுக்கு நிலம் வேண்டாம், பணம் வேண்டும் என்றால் பண்ணையம் பார்ப்பவர் ஐந்தாறு ஆண்டில் வாங்கிக்கொள்ளலாம். இதில் சட்டமே துணை இருக்கிறது. உயில் இன்றி வந்த சொத்திலோ தொழிலிலோ முதல் வகுப்பு வாரிசுகளில் ஒருவர் தம் பங்கை விற்க முனைந்தால், அதை வாங்க மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு என்று அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. இது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. வெளியாளுக்கு விற்கும் முன் உடன்பிறந்தவரைக் கேட்பது மரியாதை மட்டுமல்ல, சட்டமும்கூட.

மூன்றாவது, சொத்துக்குச் சொத்து. ஒருவருக்குத் தோட்டம், ஒருவருக்கு டவுன் கடை, ஒருவருக்கு வீட்டுமனையும் ரொக்கமும். மதிப்பு ஏறக்குறைய சமமாக வர வேண்டும். மதிப்பை வீட்டார் போடாமல் வெளியாள் ஒருவரைக் கொண்டு போடுங்கள்.

எந்த வழியானாலும் பத்திரத்தில் நான்கு சங்கதி விடுபடக் கூடாது: கிணற்றுப் பங்கும் தண்ணீர் முறையும், மின் இணைப்பு யார் பெயரில், வண்டித் தடம் எத்தனை அடி, வாய்க்கால் யார் நிலத்து வழியே. சகோதரர்கள் கோர்ட்டுக்குப் போவது பெரும்பாலும் ஏக்கருக்காக அல்ல, தடத்துக்கும் தண்ணீருக்கும்தான். பத்திரம் முடிந்த கையோடு பட்டாவையும் மாற்றுங்கள். சொட்டுநீர்த் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு முழு மானியம் தருகிறது. பயிர்க் கடன் தரக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. எல்லா இடத்திலும் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தால் உழுகிறவன் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதுதான்.

மகளின் பங்கு

பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் உரிமை என்பதைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. அப்போது அது திருமணமாகாத மகள்களுக்கு மட்டும். 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமானவர், ஆகாதவர் என்ற பேதமின்றி எல்லா மகள்களுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தந்தது. அன்று தந்தை உயிரோடிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட் தீர்ப்பாலோ முடிந்த பாகப்பிரிவினைகள் மட்டும் மாறாது. வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டோம் என்பது இனிச் சுலபத்தில் எடுபடாது.

"சீர் செய்தோம், நகை போட்டோம்" என்பது சட்டத்தில் பங்குக் கழிவு ஆகாது. மகள் மனமார விட்டுக்கொடுத்தால் அதைப் பதிவான விடுதலைப் பத்திரமாக வாங்க வேண்டும். ஆனால் வாங்கும் முன் ஒன்று யோசியுங்கள். அவளைக் கூப்பிட்டு, சொத்து இவ்வளவு, உன் பங்கு இவ்வளவு என்று சொல்லிக் கேட்டீர்களா? சொல்லாமல் "இங்கே ஒரு கையெழுத்துப் போடம்மா" என்று கேட்டவர்கள் வீட்டில்தான் பத்து வருடம் கழித்து நோட்டீஸ் வருகிறது. தொழிலை நடத்தும் திறமை மகளிடம் இருந்தால் அவளிடமே கொடுங்கள். கணக்கும் கண்டிப்பும் உள்ளவர் கையில் கடை இருக்க வேண்டும். மீசை இருக்க வேண்டும் என்பதில்லை.

காகிதங்கள்

உயில்: தன் சொந்தச் சம்பாத்தியத்துக்கும் தன் பங்குக்கும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பங்கு பெறுபவரைச் சாட்சி போட வேண்டாம். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்வது நல்லது. எத்தனை தடவையும் மாற்றலாம், கடைசி உயிலே செல்லும். இஸ்லாமியச் சகோதரர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அவரவர் சட்டத்தை அவரவர் வழக்கறிஞரிடம் கேட்டு எழுதுங்கள்.

நாமினி: வங்கி வைப்புக்கு நாமினி போட்டாலே அவருக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நாமினி பணத்தை வாங்கி உரியவர்களுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவர். உயிலும் நாமினியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டு வியாபாரம்: 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிராவிட்டால் ஒரு பங்காளி இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். பங்காளி இருவர் மட்டும் என்றால், ஒருவர் போனபின் தனி ஆளை வைத்துக் கூட்டு நடக்காது. எனவே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். இறந்தவர் பங்கு எப்படி மதிப்பிடப்படும், வாரிசு சேரலாமா, உழைக்கும் பங்காளிக்குச் சம்பளம் எவ்வளவு, முதலுக்கு வட்டி எவ்வளவு, எந்த வயதில் ஓய்வு, பிரிந்தால் கடையின் விலாசம் யாருக்கு என்ற ஆறும் அதில் இருக்க வேண்டும். ஒரே விலாசத்தில் எதிரும் புதிருமாக இரண்டு போர்டு தொங்கும் கடைவீதிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

தனி உரிமையாளர் கடை: உரிமையாளர் இறந்தால் அவருடைய ஜிஎஸ்டி பதிவில் வாரிசு தொடர்ந்து வியாபாரம் செய்ய முடியாது. வாரிசு புதிய பதிவு எடுத்து, பழைய பதிவில் நிற்கும் வரி வரவை ஐடிசி-02 என்ற படிவத்தின் மூலம் மாற்றிக்கொள்ள வேண்டும். நடப்புக் கணக்கும் நின்றுவிடும். பருவத்தின் நடுவில் இப்படி நேர்ந்தால் குடோனில் சரக்கு இருக்கும், பில் போட முடியாது. வாரிசை முன்கூட்டியே பங்காளியாகச் சேர்த்திருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பகுதி குறையும்.

பாக்கிப் பட்டியல்: யார் நமக்குத் தர வேண்டும், நாம் யாருக்குத் தர வேண்டும், எந்தப் பத்திரம் எந்தப் பீரோவில் என்ற விவரம் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை எழுத வேண்டும். அந்த நோட்டு இருக்கும் இடம் மனைவிக்கும் தெரிய வேண்டும். துக்க வீட்டுக்கு நாம் தர வேண்டியவர்கள் எல்லோரும் வருவார்கள். நமக்குத் தர வேண்டியவர்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் வராது. புரோ நோட்டுக்கு மூன்று ஆண்டுதான் காலக்கெடு என்பதும் அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்காது.

பெரியவர்களுக்கு

நம்மைப் போன்று அறுபது தாண்டியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொடுப்பதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். குடியிருக்கும் வீடும், இருவர் காலம் தள்ளும் அளவு வட்டியோ குத்தகையோ வாடகையோ வரும் ஏதாவது ஒன்றும் பெரியவர்கள் பெயரிலேயே கடைசிவரை இருக்கட்டும். தன் செலவுக்குத் தன் வருமானம் உள்ள தகப்பனே கல்லாவைத் தாராளமாக விடுவார். பிள்ளையைச் சந்தேகப்படுவதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கைமாற்றம் சுமுகமாக நடக்க இது அவசியம்.

செட்டில்மென்ட் பத்திரம் எழுதினால் அன்றே உரிமை மாறிவிடும். உயிலைப்போல் நினைத்தபோது மாற்ற முடியாது. எழுதியே ஆக வேண்டும் என்றால், எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு, அத்தகைய நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை எழுத்தில் இருந்தால் வழக்கு சுலபம், இல்லாவிட்டால் இழுபறி.

ஓய்வு என்றால் திண்ணையில் உட்காருவது அல்ல. காலை இரண்டு மணி நேரம் கடைக்கு வந்து பழைய வாடிக்கையாளர்களோடு பேசலாம். சங்க வேலை பார்க்கலாம். கேட்டால் யோசனை சொல்லலாம். கேட்காதபோது காப்பி குடிக்கலாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா நாற்பது ஆண்டாகக் கேட்டுப் பழகிய "மொதலாளி" என்ற அழைப்பு ஒரே நாளில் உங்களுக்கு மாறுகிறது. அன்று அவர் நாற்காலியை அகற்றாதீர்கள். வரவு செலவை மாதம் ஒருமுறை அவர் கேட்பதற்கு முன் நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள். கணக்கை மறைக்கிறார்கள் என்ற எண்ணம் வந்தால் எந்தப் பெரியவரும் சாவியைத் தர மாட்டார்.

குடும்பக் கூட்டம் நடத்தும் முறை

ஆண்டுக்கு ஒருமுறை, கணக்கு முடித்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரையும் வரச் சொல்லுங்கள். மகள்களும் மருமகள்களும் உட்பட. திருமண வீட்டிலும் திவச வீட்டிலும் இந்தப் பேச்சு வேண்டாம். முதலில் ஐந்தொகையை வாசியுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லட்டும். மூத்தவர் கடைசியில் பேச வேண்டும். முதலில் பேசினால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். இருவருக்கும் பொதுவான வெளியாள் ஒருவர், கணக்காயரோ மரியாதைக்குரிய மாமன் முறையோ, உடனிருந்தால் நல்லது. முடிவை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். சொத்துரிமையை மாற்ற அந்தத் தாள் போதாது. அதற்குப் பதிவுப் பத்திரம் வேண்டும். ஆனால் யார் என்ன சொன்னார் என்ற சண்டை அடுத்த ஆண்டு வராது.

இந்த ஆண்டுக்குள் செய்ய

1. கூட்டுப் பத்திரத்தை எடுத்து மேலே சொன்ன ஆறும் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. பட்டா, மின் இணைப்பு யார் பெயரில் என்று பாருங்கள். இறந்தவர் பெயரில் இருந்தால் மாற்ற மனுக் கொடுங்கள்.

3. உழைக்கும் பிள்ளைக்கு அடுத்த மாதம் முதல் சம்பளம் எழுதுங்கள்.

4. பாக்கி நோட்டைத் தொடங்கி, இடத்தை வீட்டில் சொல்லுங்கள்.

5. பிள்ளை ஐந்து படிகளில் எந்தப் படியில் நிற்கிறான் என்று அவனையே கேளுங்கள். அவன் சொல்வதும் நீங்கள் நினைப்பதும் வேறுபட்டால், கூட்டத்தில் முதலில் பேச வேண்டியது அதுதான்.

6. வழக்கறிஞரிடம் நாள் குறித்து உயிலை எழுதிவிடுங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளெல்லாம் அதற்கு நல்ல நாள்தான்.